பருவம் அறிந்து வாங்குவோம். பருவம் அறிந்து விற்போம்

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் உள்ள இரும்பை, திருஞானசம்பந்தரால் பாடப்பெற்ற மாகாளேசுவரர் கோயிலைக் கொண்ட பழம்பெரும் ஊராகும். அவ்வட்டாரத்தின் செம்மண் மேட்டில் முந்திரியும் சவுக்கும் பனையும் செழித்து வளர்கின்றன. வடக்கே சென்றால் கழுவேலி நீர்நிலையும், அதனைத் தொடர்ந்து மரக்காணத்து உப்பளங்களும் காட்சியளிக்கும். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இம்மரக்காணமே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். சங்க காலத்தில் உமணர் எனப்பட்ட உப்பு வணிகர் வண்டி வண்டியாக உப்பை ஏற்றி உள்நாட்டிற்குச் சென்று, அதனை நெல்லுக்கு மாற்றி வந்தனர். ஆகவே, ஊரில் விளையும் பொருளைத் தொலைவில் உள்ளவர் வாயிலுக்குக் கொண்டு சேர்க்கும் தொழில் கடற்கரை மக்களுக்குப் புதியதன்று.

இன்று அந்த வண்டி எதிர்த்திசையில் வருகிறது. புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் நம் சிற்றூர்த் தெருக்களில் முதுகில் பெரும் பையைச் சுமந்த இளைஞர் மோட்டார் சைக்கிளில் வந்து, வீடு வீடாகப் பார்சல்களைக் கொடுத்துச் செல்வதை நாம் காண்கிறோம். புடவை, கைப்பேசி, குக்கர், மின்விசிறி என எல்லாம் கைப்பேசி வாயிலாகவே வாங்கப்படுகின்றன. இது நன்மையா, தீமையா என்று வாதிடுவதால் பயனில்லை. இவ்வணிகம் எவ்வாறு நடைபெறுகிறது, எந்தப் பருவத்தில் பெருகுகிறது, அதில் நம் பணம் எவ்வளவு வெளியே செல்கிறது, நம் பொருளை அதே வழியில் வெளியே அனுப்ப இயலுமா என்பவற்றை ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்துகொள்வதே இன்றியமையாதது.

விற்பனைக்கும் பருவம் உண்டு

உழவுக்கும் உப்புக்கும் பருவம் இருப்பதுபோல் விற்பனைக்கும் பருவம் உண்டு. நம் நாட்டில் இதற்குப் பழைய சான்று ஆடித் தள்ளுபடியாகும். ஆடியில் திருமணங்கள் நடைபெறுவதில்லை. ஆகவே துணிக்கடைகளில் கூட்டம் குறையும். தேங்கிய சரக்கை விற்றுவிட்டுத் தீபாவளிக்குப் புதுச் சரக்கை வாங்க வணிகர்கள் கண்ட வழியே அத்தள்ளுபடி. அதன் பின்னர் தீபாவளி, பொங்கல், தை முதல் வைகாசி வரை நடைபெறும் திருமணங்கள் என விற்பனை ஏறியும் இறங்கியும் செல்லும். கோ-ஆப்டெக்ஸ் நிறுவனமும் பண்டிகைக் காலத்தில் கைத்தறித் துணிகளுக்குத் தள்ளுபடி அளிப்பதை நாம் நன்கு அறிவோம்.

பிற நாடுகளிலும் இவ்வழக்கம் உண்டு. அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமை நன்றி கூறும் திருநாளாகும். மறுநாள் வெள்ளிக்கிழமை முதல் கிறிஸ்துமஸ் வரை கடைகளில் பெருங்கூட்டம் சேரும். அதற்கடுத்த திங்கட்கிழமையை இணைய விற்பனைக்கு உரிய நாளாகக் கொண்டு 2005ஆம் ஆண்டில் ‘சைபர் மண்டே’ என்று பெயரிட்டனர். சீனாவில் 2009ஆம் ஆண்டு முதல் நவம்பர் 11ஆம் நாளை அலிபாபா நிறுவனம் பெரும் விற்பனை நாளாக நடத்திவருகிறது.

இந்தியாவில் 2007ஆம் ஆண்டில் பெங்களூரில் பிளிப்கார்ட் நிறுவனம் புத்தக விற்பனையுடன் தொடங்கியது. 2013இல் அமேசான் இந்நாட்டில் விற்பனைத் தளத்தைத் திறந்தது. 2014 அக்டோபர் 6 அன்று, தீபாவளியை முன்னிட்டுப் பிளிப்கார்ட் ஒருநாள் பெருவிற்பனையை நடத்தியது. பத்து மணி நேரத்தில் 600 கோடி ரூபாய்க்குப் பொருள்கள் விற்றதாக அந்நிறுவனம் அறிவித்தது. ஆயினும் நெரிசல் தாங்காமல் தளம் தடுமாறியது. பலருடைய ஆர்டர்கள் நீக்கப்பட்டன. நிறுவனத்தார் மறுநாள் வாடிக்கையாளரிடம் வருத்தம் தெரிவித்தனர். அதன் பின்னர் ஒருநாள் விற்பனை பலநாள் விற்பனையாயிற்று. பெருந்தளங்கள் யாவும் நவராத்திரியை ஒட்டியே கதவைத் திறக்கும் வழக்கமும் நிலைபெற்றது. 2025இல் சரக்கு சேவை வரி விகிதங்கள் செப்டம்பர் 22 அன்று மாற்றப்பட்டன. மறுநாளே இரு பெருந்தளங்களும் தம் பண்டிகை விற்பனையைத் தொடங்கின.

இவ்வணிகம் சிற்றூர் வரை வந்ததற்கு மூன்று காரணங்களைக் கூறலாம். 2016இல் கைப்பேசி இணையக் கட்டணம் வெகுவாகக் குறைந்தது. அதே ஆண்டில் கைப்பேசி வழியே வங்கிப் பணத்தைச் செலுத்தும் யூ.பி.ஐ. முறை வந்தது. 2020இல் கொரோனா ஊரடங்கின்போது, அதுவரை இணையத்தில் வாங்காதவரும் வாங்கப் பழகினர்.

விலை எவ்வாறு குறைகிறது?

‘நூற்றுக்கு எழுபது தள்ளுபடி’ என்ற விளம்பரத்தைக் கண்டு வியப்போர் பலர். அத்தள்ளுபடி எந்த விலையிலிருந்து கணக்கிடப்படுகிறது என்பதை முதலில் நோக்க வேண்டும். பொட்டலத்தின்மேல் அச்சிடப்படும் அதிகபட்சச் சில்லறை விலை ஒரு மேல்வரம்பேயன்றி, கடைகளில் வழக்கமாக விற்கும் விலை அன்று. மேல்வரம்பு ஆயிரம் ரூபாயாக அச்சிடப்பட்ட பொருள் ஊர்க்கடையில் என்றும் நானூறு ரூபாய்க்கே விற்கலாம். அதனை முந்நூற்றைம்பதுக்குத் தருபவர் உண்மையில் குறைப்பது ஐம்பது ரூபாயே.

உண்மையான விலைக்குறைப்பும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. புதிய மாதிரி வருமுன் பழைய சரக்கைத் தள்ளிவிட நிறுவனம் விலையைக் குறைக்கும். பெருந்தொகையாகக் கொள்முதல் செய்வதால் அடக்க விலை குறையும். தன் அட்டையைப் பயன்படுத்துவோருக்கு வங்கி ஒரு பகுதியைத் தள்ளிக் கொடுக்கும். ஆகவே உண்மையைப் பொய்யினின்று பிரித்தறிய ஒரே வழி, வேண்டிய பொருளின் விலையை ஆவணி மாதத்திலேயே ஒரு தாளில் குறித்து வைத்தலாகும். திண்டிவனத்திலோ புதுச்சேரியிலோ கடையில் என்ன விலை, வீட்டிற்கு வந்து பொருத்தித் தருவார்களா, பழுதானால் எங்கே கொண்டு செல்வது என்பனவற்றையும் அத்தாளில் எழுதுக. பண்டிகை விற்பனை தொடங்கியதும் அதனுடன் ஒப்பிட்டால், தள்ளுபடியின் உண்மை விளங்கிவிடும்.

‘இன்னும் இரண்டே உள்ளன’, ‘பத்து நிமிடத்தில் விலை ஏறும்’ என்று கைப்பேசித் திரையில் ஓடும் எழுத்துகள் வாங்குவோரை அவசரப்படுத்துவதற்கே. இத்தகைய பொய் அவசரத்தையும், கேளாத பொருளைக் கூடையில் சேர்ப்பதையும், கடைசி நேரத்தில் மறைவான கட்டணங்களைக் கூட்டுவதையும் தவறான முறைகளென 2023ஆம் ஆண்டில் மத்திய அரசின் நெறிமுறைகள் தடை செய்துள்ளன. சந்தையில் மாடு வாங்குபவர் பல்லைப் பார்க்காமல் பணம் கொடுப்பதில்லை. அந்த நிதானம் கைப்பேசியிலும் வேண்டும்.

‘வட்டியில்லாத் தவணை’

இப்பருவத்தில் சிற்றூர் மக்களுக்கு நேரும் பெருந்தீங்கு பொருளால் அன்று, தவணையால் வருகிறது. ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு கைப்பேசியின் விலை 12,000 ரூபாய். உடனே முழுப் பணமும் செலுத்துவோருக்கு 11,000 ரூபாய். ‘வட்டியில்லாத் தவணை’யில் வாங்குவோர் மாதம் 2,000 ரூபாயாக ஆறு மாதம் கட்ட வேண்டும்; தொடக்கத்தில் ஏற்பாட்டுக் கட்டணம் 200 ரூபாயும் அதற்கு வரி 36 ரூபாயும் உண்டு. இவ்வாறு அவர் கொடுப்பது மொத்தம் 12,236 ரூபாய். 11,000 ரூபாய்ப் பொருளுக்கு 1,236 ரூபாய் மிகுதி. மாதந்தோறும் கடன் குறைந்து வருவதையும் கருதிக் கணக்கிட்டால், இது நம் ஊர் வழக்கில் மூன்று வட்டிக்கும் மேலாகும். பெயரில் வட்டியில்லை; கணக்கில் இருக்கிறது. பூச்சிய வட்டி என்ற ஒன்றே இல்லை என்று ரிசர்வ் வங்கி 2013ஆம் ஆண்டிலேயே வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது.

உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு இதில் தனியான ஓர் ஆபத்து உண்டு. உப்பு கோடை வெயிலில் விளைவது. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பாத்திகளில் மழைநீர் நிறைந்து வேலை நின்றுவிடும். மழை ஓய்ந்து, பாத்திகளைச் சீர்செய்து, மீண்டும் உப்பை வாரும் வரை கூலி கிடையாது. நாடெங்கும் பெருவிற்பனை நடைபெறும் காலமும் இதுவே. பிறருக்குப் போனஸ் வரும் மாதத்தில் இவர்களுக்குக் கூலியே நிற்கிறது. இக்காரணம் கருதியே மழைக்கால நிவாரணமாக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கியது.

2024ஆம் ஆண்டை நினைவுகூர்வோம். அவ்வாண்டு தீபாவளி அக்டோபர் 31 அன்று வந்தது. சரியாக முப்பது நாள் கழித்து, நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மரக்காணம் உப்பளங்கள் நீரில் மூழ்கின. விழுப்புரம் மாவட்டத்து வயல்களும் வெள்ளக்காடாயின. புயல் வந்ததென்று தவணை நாள் தள்ளிப்போவதில்லை. டிசம்பர் மாதத்தில் அடுப்பெரிக்க வேண்டிய பணம் தீபாவளிக்கு வாங்கிய பொருளின் தவணைக்குச் செல்லுமாயின், மீண்டும் வேறொரு கடன் வாங்க நேரிடும். மழைக்காலத்தில் வருவாய் நிற்கும் தொழிலைச் செய்வோர், மழைக்காலத்தில் கட்டவேண்டிய தவணையை ஏற்றல் ஆகாது. அவர்களுக்கு உரிய முறை, பங்குனி முதல் ஆவணி வரை கூலி கிடைக்கும் மாதங்களில் அஞ்சலகத்திலோ மகளிர் குழுவிலோ சிறுகச் சிறுகச் சேமித்து, கையிலுள்ள பணத்தைக் கொண்டு வாங்குவதேயாகும்.

ஊர் மளிகைக் கடையையும் இங்கு எண்ணிப் பார்த்தல் தகும். புயல் நாளில் அரிசியைக் கடனாகக் கொடுப்பது அக்கடைதான். பத்து ரூபாய் வேறுபாட்டுக்காக ஆண்டு முழுவதும் அக்கடையைக் கைவிட்டால், இடர்க்காலத்தில் துணை நிற்க ஊரில் கடை இருக்காது.

ஏமாறாமல் இருக்கும் வழி

தீபாவளிக்கு முன் பாதி விலைக்குப் பட்டாசு தருவதாகக் கைப்பேசியில் விளம்பரங்கள் வரும். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் இணைய வணிகத் தளங்களில் பட்டாசு விற்பதைத் தடை செய்தது. ஆகவே இணையத்தில் பட்டாசு விற்பதாக வரும் விளம்பரத்தை நம்பிப் பணம் அனுப்புதல் கூடவே கூடாது. பணத்தை இழந்தவர் சிறிதும் தாமதியாமல் 1930 என்ற எண்ணிற்குத் தொலைபேசி செய்தால், பணம் கைமாறுமுன் தடுத்து நிறுத்த முயல்வார்கள். நேரம் செல்லச் செல்ல மீட்கும் வாய்ப்பு குறையும்.

பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை. பணம் கொடுப்பதற்கே அது தேவை. இவ்வொரு செய்தியை முதியோருக்கு மனத்தில் பதியச் செய்தாலே பாதி மோசடிகள் ஒழியும்.

முறையாக நடைபெறும் தளங்களிலும் குறை நேரலாம். 2020ஆம் ஆண்டின் இணைய வணிக விதிகளின்படி, பழுதான பொருளையும், விளம்பரத்தில் கூறியதற்கு மாறான பொருளையும், வாக்களித்த நாளுக்குப் பின் தாமதமாக வந்த பொருளையும் திரும்பப் பெற விற்பவர் மறுத்தல் கூடாது. ஒவ்வொரு தளத்திலும் குறைதீர் அலுவலர் ஒருவர் இருத்தல் வேண்டும். அவர் முறையீட்டை 48 மணி நேரத்திற்குள் ஏற்று, ஒரு மாதத்திற்குள் தீர்க்கக் கடமைப்பட்டவர். அவ்வாறு தீராவிடின் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை நாடலாம். அதற்கு மேலும் குறை தீராவிடின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கிடலாம். வாங்குபவர் தாம் வாழும் மாவட்டத்திலேயே வழக்கிட 2019ஆம் ஆண்டின் சட்டம் உரிமை அளிக்கிறது; ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணமும் இல்லை. பெங்களூரில் உள்ள நிறுவனத்தின்மேல் வழக்கிட இரும்பையிலிருந்து பெங்களூருக்குச் செல்ல வேண்டியதில்லை. பில்லைப் பாதுகாத்தலும், பார்சலைப் பிரிக்கும்போது கைப்பேசியில் படம் எடுத்து வைத்தலும் போதிய சான்றாகும்.

நாமும் விற்போராகலாம்

இதுவரை வாங்குவோரைப் பற்றிக் கூறினோம். வாங்குவதோடு நின்றுவிட்டால் ஊரின் பணம் வெளியே செல்லுமேயன்றி உள்ளே வாராது. அதே சாலை வழியே நம் பொருளையும் அனுப்ப இயலுமா?

எல்லாப் பொருளும் இதற்கு ஏற்றவை அல்ல. உப்பையே எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ உப்பின் விலையைக் காட்டிலும் அதனை அனுப்பும் கூலி பன்மடங்காகும். மேலும், அயோடின் கலவாத உப்பை நேரடியாக உணவுக்கென விற்பதை உணவுப் பாதுகாப்பு விதிகள் தடுக்கின்றன. தமிழ்நாடு உப்புக் கழகம் 2022இல் ‘நெய்தல்’ என்ற பெயரில் உப்பை விற்பனைக்குக் கொணர்ந்தது. ஆலையும் லாரியும் கடைத்தொடரும் உள்ள கழகத்திற்கு இஃது இயலும். தனி உற்பத்தியாளர் ஒரு கிலோப் பொட்டலமாக அஞ்சலில் அனுப்பி இலாபம் காண்பது அரிது. எடை குறைவாகவும் விலை மிகுதியாகவும் கெடாமலும் உள்ள பொருளே பார்சலுக்கு உகந்தது.

இவ்வட்டாரத்தில் அத்தகைய பொருள் முந்திரிப் பருப்பாகும். முந்திரிக் கொட்டை பங்குனி முதல் வைகாசி வரை அறுவடையாகிறது. கைச்செலவுக்கு முடைப்பட்ட விவசாயி அதனைக் கொட்டையாகவே அப்போதைய விலைக்கு விற்றுவிடுகிறார். ஆனால் முந்திரிப் பருப்புக்குக் கிராக்கி ஏறுவது இனிப்புப் பலகாரம் செய்யும் தீபாவளிக் காலத்தில். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஐந்தாறு மாத இலாபம் இருப்பு வைப்பவரைச் சேர்கிறது. ஒரு மகளிர் சுய உதவிக் குழு வங்கிக் கடன் பெற்று, கொட்டையை நன்கு உலர்த்தி இருப்பு வைத்து, ஆடியிலும் ஆவணியிலும் உடைத்துத் தோல் நீக்கித் தரம் பிரித்து, புரட்டாசியில் அரைக் கிலோப் பொட்டலங்களாக விற்பனைக்கு வைக்குமாயின் அந்த இலாபத்தில் பங்கு பெறலாம்.

கொலு பொம்மை மற்றொரு சிறந்த சான்று. பண்ருட்டியில் பொம்மை செய்வோர் ஆண்டு முழுவதும் உழைப்பது நவராத்திரியின் ஒன்பது நாட்களுக்காகவே. புதுச்சேரியை அடுத்த வில்லியனூர்ச் சுடுமண் பொருள்களும் திருக்கனூர்க் காகிதக்கூழ்ப் பொம்மைகளும் புவிசார் குறியீடு பெற்றவை. விற்பனை நாளுக்கு முன் பின்னோக்கி எண்ணி வேலையைத் தொடங்கும் இம்முறையையே நாமும் கைக்கொள்ள வேண்டும். ஐப்பசி விற்பனைக்கு ஐப்பசியில் ஆயத்தம் செய்தல், நடவு முடிந்த பின் நாற்று விடுவதை ஒக்கும்.

விற்பவர் தெளிவாகக் கணக்கிட வேண்டியவை ஐந்து: அடக்க விலை, தளத்தின் தரகு, பெட்டிச் செலவு, அனுப்பும் கூலி, திரும்பி வரும் பொருளால் நேரும் நட்டம். ஐந்தாவதை மறந்து நட்டப்பட்டோர் பலர். உணவுப் பொருளுக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும், பொட்டலத்தில் எடை, விலை, நாள் முதலிய விவரங்களும் கட்டாயம். 2023 அக்டோபர் முதல், ஆண்டிற்கு 40 லட்சம் ரூபாய்க்குட்பட்டு விற்போர் மாநிலத்திற்குள் இணையத் தளம் வாயிலாக விற்கச் சரக்கு சேவை வரிப் பதிவு தேவையில்லை. ஒரு சேர்க்கை எண் பெற்றால் போதும். ஆனால் இரும்பைக்கு அருகிலேயே உள்ள புதுச்சேரி, சட்டத்தின் பார்வையில் வெளி மாநிலமாகும். அங்கு அனுப்ப இச்சலுகை பொருந்தாது என்பதை நம் பகுதியினர் மறத்தலாகாது.

விற்கும் வாயில்களும் பல. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் குழுக்களின் பொருள்களை ‘மதி’ என்ற பெயரில் விற்க உதவுகிறது. கைவினைப் பொருள்களுக்குப் பூம்புகார் உள்ளது. ஒரே தளத்தை நம்பியிராமல் பல செயலிகள் வழியாகவும் விற்க வகைசெய்யும் ஓ.என்.டி.சி. என்னும் திறந்த வலையமைப்பை மத்திய அரசு 2021இன் இறுதியில் ஏற்படுத்தியது. ஆரோவிலைக் காணவரும் விருந்தினரும் நம் வாயிலுக்கே வரும் வாடிக்கையாளர்கள். ஒருமுறை நேரில் வாங்கியவரிடம் முகவரியைப் பெற்று மறு ஆண்டு தபாலில் அனுப்புவது எளிய தொடக்கமாகும்.

ஊராட்சி செய்யக்கூடியவை

நம் மாநிலத்தில் ஆண்டிற்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்நாட்கள் விற்பனைப் பருவத்துடன் நன்கு பொருந்துகின்றன. மே 1 அன்று, முந்திரி அறுவடை நடைபெறும்போது, எந்தக் குழு எவ்வளவு இருப்பு வைக்கும், கடன் எங்கே பெறும் என்பதை முடிவு செய்யலாம். ஆகஸ்ட் 15 அன்று பொட்டலமிடும் இடம், பதிவு, தபால் ஏற்பாடு ஆகியவற்றைச் சரிபார்க்கலாம். அக்டோபர் 2 அன்று தவணைக் கணக்கையும் பட்டாசு மோசடியையும் மக்களுக்கு விளக்கி, 1930, 1915 ஆகிய எண்களை ஊராட்சி அலுவலகச் சுவரில் பெரிதாக எழுதி வைக்கலாம். நவம்பர் 1 அன்று, எவ்வளவு விற்றது, எவ்வளவு திரும்பியது, கையில் நின்றது என்ன என்று கணக்குப் பார்த்து மறு ஆண்டிற்குப் பாடம் கற்கலாம். இவற்றிற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. முன்கூட்டியே எண்ணும் பழக்கம் போதும்.

உப்பை வாருபவர் வானத்தைப் பார்த்தே பாத்தியில் இறங்குகிறார். மேகம் திரண்டால் குவித்த உப்பை மூடுகிறார். வெயில் உள்ள நாளில் வாரிக்கொள்ள வேண்டுமென்பதை அவருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. அந்தப் பட்டறிவையே நாம் இணையச் சந்தைக்கும் கொண்டு செல்வோம். வருவாய் உள்ள மாதத்தில் சேமித்து, விலையை அறிந்து வாங்குவோம். விளைச்சல் மாதத்தில் இருப்பு வைத்து, கிராக்கி அறிந்து விற்போம். உமணர் வண்டி போன வழியில் நம் ஊரின் பார்சலும் செல்லட்டும். அடுத்த ஐப்பசியில் மழை பெய்யும்போது நம் வீடுகளில் தவணைச் சீட்டுக்கு மாறாக விற்ற பொருளின் வரவுச் சீட்டு இருக்குமாறு இன்றே முனைவோமாக.